கைமாறிய ஊருக்கு ஒரு பிரசிடெண்ட்

— அந்த மில்லுக்கார கோவர்த்தனன் பேரை மட்டும் உள்ள போய் சொன்னீங்கன்னா, வாத்தியாரே, நான் இப்பிடியே ரேணிகுண்டாவுக்கு நடந்து போய் ரயிலேறிடுவேன். ஆமா, சொல்லிட்டேன்.

— குரலை இறக்கு, முனிரத்தினம். ஜில்லா தலைவர் உள்ளே சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். கை கழுவிட்டு வந்ததும் ஒரே ஒரு பேர்தான் கேப்பார். நம்ம ஊர் பஞ்சாயத்துக்குக் கட்சி யாரை பிரசிடெண்டா நிறுத்துது? அவ்வளவுதான் கேள்வி. காலையிலேர்ந்து இந்த மரத்தடியில உக்காந்து மூணு பேரால ஒரு பேர் சொல்ல முடியலைன்னா, அவரே யாரையாவது போட்டுட்டுப் போயிடுவார்.

— போடட்டுமே! மெட்ராஸ்லேர்ந்து பிரிச்சு ஆந்திராவுல சித்தூரு ஜில்லாவுக்கு நம்மளைத் தூக்கிக் குடுத்தப்ப நம்மளைக் கேட்டா குடுத்தாங்க? இதையும் கேக்காமலே செய்யட்டும்.

— மெதுவா பேசுங்க அண்ணா. மொட்டை போட்டுக்கினு மலையிலேர்ந்து எறங்கி வர்றவங்கல்லாம் நின்னு நின்னு நம்மளைப் பாக்கறாங்க.

— பாக்கட்டும் மணியம்மா. நம்ம ஊருக்கே மொட்டை போட்டாச்சு. நீ இன்னா, வந்ததுலேர்ந்து வாயைத் திறக்காம குந்திக்கினு இருக்கற? உன் வூட்டுக்காரன் பச்சையப்பனுக்காகத்தானே நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்திக்கினு இருக்கிறேன்?

— அதனாலதான் பேசல. புருசன் பேரை நானே எப்பிடி முன்னால வைக்கிறது? கமிட்டியில நானும் ஒரு மெம்பருன்னு கூட்டியாந்தீங்க. கேட்டுக்கினு இருக்கிறேன். பேசுங்க.

— இதோ பாருங்க மணியம்மா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. பச்சையப்பன் தங்கமான மனுசன். கர்த்தர் சாட்சியா சொல்றேன், அவரைப் போல ஒருத்தர் எங்க சபையில கூடக் கிடையாது. ஆனா பிரசிடெண்டு வேலைக்கு...

— ஆனா இன்னா? சொல்லுங்க. தெலுங்கு தெரியாது, அதானே?

— அதேதான். அதை ஏன் குத்தம் மாதிரி கேக்கறே, முனிரத்தினம்? சத்தியவேடு தாலுகா ஆபீசுல போய் இவர் பண்ணினது உனக்கு ஞாபகம் இல்லையா? மனுவைத் தெலுங்குல எழுதிக்கிட்டு வாங்கன்னு குமாஸ்தா சொன்னான். இவர் மேசையில ஓங்கி அறைஞ்சார். மசிக்கூடு கவுந்து அவன் வேட்டியெல்லாம் மசி. அன்னையிலேர்ந்து நம்ம ஊர்க்காரன்னா பியூன்கூட வழி விடமாட்டேங்கறான்.

— நேத்து வரைக்கும் தமிழ்ல மனு வாங்கின ஊருதானே அது? கேட்டது தப்பா?

— கேட்டது நியாயம். நியாயத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது, முனிரத்தினம்? ஏரிக்கு வர்ற கால்வாய் உடைஞ்சு மழைக்காலமே ஒண்ணு போயிடுச்சு. மெட்ராஸ் பக்கத்து ஓவர்சியர்கிட்ட போனா, உங்க ஏரி ஆந்திராவுல இருக்கு, எனக்கென்னங்கறான். ஆந்திரா ஓவர்சியர்கிட்ட கோவர்த்தனன் போய்க் கேட்டதுக்கு, உடைஞ்ச இடம் மெட்ராஸ்ல இருக்கு, எனக்கென்னன்னானாம். ரெண்டு பேரையும் ஒரே இடத்துல நிக்க வச்சுப் பேசற ஆள் வேணும். கோவர்த்தனனுக்கு அந்த வாய் இருக்கு.

— வாயி இருக்குது, த்தூ! நம்மளைப் பிரிச்சுக் குடுத்த அன்னிக்கு நம்ம வூட்டுங்கள்ல உலை வைக்கல. அவன் மாலையை வாங்கிக்கினு ஆந்திரா தாசில்தாரு ஜீப்பு எப்போ வரும், எப்போ வரும்னு ரோட்டுல நின்னுக்கினு இருந்தான். கட்சியில சேந்து இன்னும் மழை பெய்யல, அதுக்குள்ள அவனுக்கு பிரசிடெண்டு நாற்காலியா?

— எனக்கும் அந்த ஆளைப் பிடிக்காதுப்பா. பிடிச்சா இவ்வளவு நேரம் உன்கிட்ட மல்லுக்கட்டுவேனா? பிடிக்காத ஒருத்தன் பேரைச் சொல்ல வேண்டியிருக்கே, அதுதான் எனக்கும் வயித்தெரிச்சல்.

— நான் ஒண்ணு கேக்கலாமா வாத்தியாரே?

— கேளுங்கம்மா. நீங்க பேசமாட்டீங்களான்னுதான் இருக்கேன்.

— கோவர்த்தனன் ஆபீசுக்குப் போறாரு, வர்றாரு, நல்லா தெலுங்கு பேசறாரு. அவுனு, சரே, ஒத்துக்கறேன். போய் இன்னா கேட்டுக்கினு வந்தாரு? தன் மில்லுக்குக் கரண்டு லைனு இழுத்துக்கினாரு. கால்வாயைப் பத்தி இது வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டாரா?

— கேட்டதா அவர்தான் சொன்னார்...

— கேக்கல. வரதய்யபாளையம் சந்தையில என்கிட்ட கத்திரிக்கா வாங்க ஆந்திரா ஓவர்சியர் சம்சாரம் வரும். நானே அந்தம்மாகிட்ட பேசினேன். அப்பிடி ஒரு கால்வாய் இருக்கறதே அவங்க வூட்டுக்காரருக்குத் தெரியாதாம். கோவர்த்தனன் வந்து குந்தினா மில்லு பத்திதான் பேசுவாராம்.

— பாத்தீங்களா! பாத்தீங்களா வாத்தியாரே! நான் சொன்னா கேக்கல. இப்போ இன்னா சொல்றீங்க?

— இரு, இரு. குதிக்காதே. மணியம்மா, நீங்க அவங்ககிட்ட தெலுங்குலயா பேசினீங்க?

— பின்ன? காளாஸ்திரி பக்கத்துலேர்ந்து வர்றவங்களுக்குத் தமிழ்ல சொன்னா கத்திரிக்கா விக்குமா? வயித்துக்கு எந்த பாஷையா இருந்தா இன்னா?

— அந்தப் பேச்செல்லாம் பேசாத மணி. உன் புருசன் கேட்டா மனசு ஒடைஞ்சு போவான். திருத்தணி மெட்ராஸோட சேரணும்னு அந்த ஸ்டேசன்ல நானும் அவனும் ஒரே தண்டவாளத்துல தலை வச்சுப் படுத்தவங்க. போலீசு தூக்கிப் போட்டா மறுபடியும் வந்து படுப்போம். என் தோள்பட்டை எறங்கிப் போச்சு, அவனுக்கு ரெண்டு பல்லு போச்சு. வேலூரு ஜெயில்ல களியைத் துன்னுக்கினு, திருத்தணி நமக்கு வந்துடும்டான்னு அவன்தான் எனக்கு தெம்பு சொல்வான்.

— வந்துதே அண்ணா.

— வந்துச்சு! எப்பிடி வந்துச்சு? அதை மெட்ராஸ் பக்கம் தள்ளி, பதிலுக்கு நம்மளை ஆந்திரா பக்கம் தள்ளிட்டாங்க. திருத்தணிக்காக ஜெயிலுக்குப் போனோம், திருத்தணிக்கு விலையா நம்ம ஊரே போச்சு. இதை யாருகிட்ட போய் சொல்லி அழுவறது? எந்த பாஷையில சொன்னாலும் சிரிப்பானுங்க. அதனாலதான் வாத்தியாரே கேக்கறேன். எல்லாம் போனப்புறம் பஞ்சாயத்து நாற்காலி ஒண்ணாவது பச்சையப்பனுக்கு வரக் கூடாதா? அவன் அதுல குந்தினா, நாம தோக்கலன்னு நாலு பேருக்காவது தெரியும்ல?

— என் வகுப்புல போன வருசம் வரைக்கும் ஒரு பெஞ்சு பிள்ளைங்க தமிழ்ல படிச்சாங்க. இப்போ அந்த பெஞ்சு வெறிச்சுன்னு கிடக்கு. தினமும் அதைப் பாத்துக்கிட்டுத்தான் பாடம் நடத்தறேன். உனக்கு மட்டும்தான் எரியுதுன்னு நினைக்காதே.

— அப்போ சொல்லுங்க, பச்சையப்பன்னு.

— கோவர்த்தனன் கால்வாயைப் பத்தி பேசவே இல்லைன்னு தெரிஞ்சப்புறம் அவன் பேரை நான் எந்த முகத்தோட சொல்றது? சரி. நான் விட்டுட்டேன். பச்சையப்பன் பேரையே சொல்றேன். ஆபீசுக்குப் போறப்ப நான் கூடப் போறேன். அவர் தமிழ்ல கோபப்படட்டும், நான் தெலுங்குல மன்னிப்புக் கேக்கறேன்.

— அது பேச்சு! வாத்தியாரே, உங்க கையைக் குடுங்க. உங்களைக் கன்னாபின்னான்னு பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. மணி, ஊருக்குப் போனதும் மொதல்ல அவன்கிட்ட நான்தான் சொல்வேன், நீ சொல்லக் கூடாது.

— அதோ, கதவைத் திறக்கறாங்க. நம்மளைத்தான் கூப்பிடறாங்க. நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்.

— போவாதீங்க வாத்தியாரே.

— என்னம்மா?

— அவரு பேரைச் சொல்லாதீங்க. அவரு ஊர்ல இல்ல.

— இல்லன்னா? அவன் வயல்ல இருப்பான், இல்ல டீக்கடையில குந்திக்கினு கதையளந்துக்கினு இருப்பான்.

— திருத்தணிக்குப் போயிட்டாரு அண்ணா. எருமையை வித்துட்டு, பெரிய பையனைக் கூட்டிக்கினு. அங்க அவரு அக்கா வூட்டுக்குப் பக்கத்துல எடம் பாத்து வச்சிருக்காரு. பையனைத் தமிழ் ஸ்கூல்ல சேத்தாச்சாம். தமிழ் மண்ணுலதான் சாவேன், இனிமே இங்க இருக்க முடியாதுன்னுட்டாரு.

— பொய் சொல்ற.

— ஏன் அண்ணா பொய் சொல்லணும் நான்?

— என்கிட்ட சொல்லாம போவானா? தண்டவாளத்துல படுத்தப்ப என் கையைப் புடிச்சிக்கினு படுத்தவன், என்கிட்ட ஒரு வார்த்தை...

— உங்ககிட்ட சொன்னா காலைக் கட்டிக்குவீங்க, போக முடியாதுன்னு பயந்தாரு. நீயே சொல்லிடுன்னு என் தலையில வச்சுட்டுப் போயிட்டாரு. பஸ் ஏறினதுலேர்ந்து சொல்லத்தான் பாக்கறேன். நீங்க அவரைத் தூக்கித் தூக்கிப் பேசறப்ப எனக்கு வாயே வரல.

— முனிரத்தினம், உக்காரு. தண்ணி குடி.

— தண்ணி இன்னா தண்ணி. யாருக்காக வாத்தியாரே நான் காலையிலேர்ந்து நாய் மாதிரி கத்தினேன்? நானும்தான் போயிருப்பேன். எங்க நைனாவைப் பொதைச்ச எடம் இது, எப்பிடி வுட்டுட்டுப் போறதுன்னு கெடக்கறேன். அவன் போயிட்டானே!

— மறுபடியும் கூப்பிடறாங்க. நான் என்ன பேரைச் சொல்லட்டும்?

— கோவர்த்தனன்னே சொல்லுங்க.

— நீயா சொல்றே?

— நான்தான் சொல்றேன். அவன் மில்லுக்காரனோ, மாலை போட்டவனோ, ஊர்ல இருக்கிறான்ல? பேசிட்டுப் போனவன் பேரு வேணாம். இருக்கிறவங்க பேரைச் சொல்லுங்க.

— என் வாய்ல அந்தப் பேர் வரமாட்டேங்குதுப்பா.

— அண்ணா, அவரு போறப்ப என்கிட்ட இன்னொண்ணும் சொல்லிட்டுப் போனாரு. வூட்டைப் பூட்டிக்கினு சின்னதுங்களோட பின்னாலயே வந்து சேருன்னாரு.

— அப்போ நீயும் கெளம்பிட்டியா மணி?

— நான் பூட்டல. பூட்டவும் மாட்டேன். கொஞ்சம் வழி விடுங்க வாத்தியாரே, இருக்கிறவங்க பேருதானே வேணும், நானே உள்ள போய் என் பேரைச் சொல்லிட்டு வர்றேன்.