மூசா பாயின் மூட்டைகள்

சிலமலையில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன் சீட்டில். ஏலக்காய் குடோன்காரரும், எடைச்சீட்டு புரோகிராம் எழுதித் தந்ததால் அவர் கையோடு கூட்டிப்போகும் கம்ப்யூட்டர் பெண்ணும்.

"காலையிலேருந்து எந்த மூட்டையை எடை போட்டாலும் மூசா பாய் பேர்லதாம்மா சீட்டு வருது."

"ஆள் பேரு வர்ற பாப்பப் பெட்டி தொறந்திருந்தா மேல இருக்க பிரிண்ட் பட்டனை அமுக்க முடியலன்னீங்க. அதான் பாப்பப்புக்குள்ளயே வச்சுக் குடுத்தேண்ணே."

"பிரிண்ட் வருது. அந்தப் பெட்டியை மூடி அடுத்த ஆளுக்குப் போக முடியலையே!"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பழைய பெருக்கல் குறியை எடுத்துட்டு, மூடுற பட்டனை வைக்க மறந்துட்டேண்ணே. பாய் சத்தம் போடுறாரா?"

"அவரா? கொண்டாந்தது ஒத்த மூட்டை. இப்ப குடோனுக்கு வர்றவங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்துக்கிட்டிருக்காரு."