மர்க்கடமுஷ்டின்னா யாரு

அதை அடிச்சிடுங்க சிஸ்டர். ஒத்துழைக்க மறுக்கிறார்னு எழுதினா டாக்டருக்கு என்ன புரியும்? மர்க்கடமுஷ்டின்னு எழுதுங்க.

சிரிக்காதீங்க. கேரளத்துல பாலா ஊர்ப் பொண்ணு, இந்த வார்த்தை தெரியாதா? சரி, கேளுங்க. பானைக்குள்ள கைய விட்ட குரங்கு, கடலைய ஒரு பிடி பிடிச்சுக்கும். விரல விரிச்சா கை வெளிய வந்துடும். விரிக்காது. அந்தப் பிடிதான். ஆனா கண்டவங்களையும் அப்படிச் சொல்லக்கூடாது. குழந்தை மிட்டாய்க்கு அழுதா அது வெறும் அடம். தப்புன்னு தெரிஞ்சும் தலை நரைச்சவன் விடாம நின்னான்னா, அதுதான் இது.

உள்ள படுத்திருக்கிற இட்டூப்பு காதுல தொங்குறதா? சோடா மூடி, கம்பியில கோத்தது. குணுக்குன்னு சொல்லுவோம். சீட்டாட்டத்துல தோத்தவன் மாட்டிக்கணும், அடுத்த ஆட்டம் ஜெயிச்சா கழட்டிடலாம். எங்க அப்பாவே மாட்டியிருக்காரு, சர்ச்சுக்குக் கட்டுற வேட்டியோட. இவன் என்னடான்னா பன்னெண்டு நாளா கழட்டல. சர்ச்சுல குர்பானைப் பூசைக்கு இதோட வந்து நிக்கிறான். பக்கத்து வீட்டுக் கல்யாண போட்டோவுல, மாப்பிள்ளைக்குப் பின்னாடி, மூடி தனியா மின்னுது. தூங்கும்போது கழட்டப் போன பொண்டாட்டி அன்னம்மாவுக்குக் கையில ஒரு அடி.

அடுத்த ஆட்டத்துக்கா? கூப்பிட்டாச்சு, வரமாட்டேங்குறான். அன்னைக்கு நான் தோக்கவே இல்ல, மாட்டிவிட்டவனே வந்து கழட்டட்டும்ங்குறான்.

தெரியும் சிஸ்டர், கம்பியோட ஸ்கேனுக்குள்ள விடமாட்டீங்க. காலையில ரப்பர் தோட்டத்துல வழுக்கி விழுந்தப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். மண்டை கல்லுல பட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. இப்ப நாக்கு வேற குழறுது. எனக்குப் பயமா இருக்கு. ஆள வெச்சு அமுக்கிக் கழட்டாதீங்க, எகிறுவான், பிரஷர் ஏறிடும். என்னை உள்ள விடுங்க, ரெண்டே நிமிஷம்.

நான் யாரா? குரியாச்சன். முப்பது வருஷமா அவனோட சீட்டு ஆடுறவன். மாட்டிவிட்டது நான்தான்.

அந்தக் கடைசிக் கையில ஆர்டின் ஜாக்கிய இறக்கினேன் பாருங்க, அந்தச் சீட்டு அதுக்கு முன்னாடியே என் தொடைக்கு அடியில போயிடுச்சு. போயிடுச்சு என்ன, நான்தான் வெச்சேன். அவன் பாத்துட்டான். கள்ளுக்கடையில அத்தனை பேர் முன்னாடி எப்படி ஒத்துக்கறது, சொல்லுங்க.

எழுதிட்டீங்களா அந்த வார்த்தைய? அதையும் அடிச்சிடுங்க, அது அவனுக்கில்ல. கதவைத் திறங்க சிஸ்டர். கழட்டி என் காதுல மாட்டிக்கிட்டு வந்துடறேன்.