நல்லா எடு, முகம் தெரியணும்

…சரி, வாக்குவாதம் போதும். கம்பெனிக்காரன் நம்ம கரைக்கு நேர மிதவைக் கயிறு கட்டியிருக்கான். அதைத் தாண்டி மீன் பிடிக்கப் போறவனை எல்லாம் போட்டோ எடுக்கான். போன வாரம் நம்ம ஆளுக துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டுப் போனாங்க. நாளைக்குப் போவமா, வேண்டாமா? அதுக்குத்தானே இந்தக் கூட்டம்? பதில் சொல்லுறதுக்கு முன்னால, எங்கிட்ட ஒரு குட்டிக் கதை கெடக்கு. கேட்டுருங்க. ஏ பனிமயம், நீயும் உக்காரு… உன் கோவம் எங்கயும் ஓடிராது.

என் மக மால்டாவுல நர்சா இருக்கா, தெரியும்லா? மத்தியதரைக் கடல்னு சொல்லுதாங்களே, அதுக்கு நடுவுல கெடக்குற தீவு. போன கோடையில என்னைக் கூட்டிட்டுப் போனா. கடலா அது? அலையும் இல்லை, சத்தமும் இல்லை. குளிக்க வச்ச தண்ணி மாதிரி கெடக்கு!

பக்கத்து வீட்டுல கர்மேனான்னு ஒரு அம்மா. அறுபது தாண்டியாச்சு. சாயங்காலம் ஆச்சுன்னா காத்தடைச்ச ஒரு நீட்டுப் பலகையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு கடலுக்குப் போயிருவா. பேடில் போர்டுன்னு பேரு. அது மேல நின்னுக்கிட்டே ஒத்தைத் துடுப்பால வலிச்சுப் போகணும். நம்ம கட்டுமரம்தான்… என்ன, கலரு அடிச்சிருக்கான்.

ஒரு நாள் என்னையும் ஏறச் சொன்னா. ஏறினேனா? ஏறினேன். நின்னேனா? …அதைக் கேக்காதீங்க. தலை நனைஞ்சதுதான் மிச்சம். கடைசியில என்னைய முன்னால சம்மணம் போட்டு உக்கார வச்சு, மடியில ஒரு எண்ணெய் பாட்டிலையும் குடுத்துட்டா. பின்னால நின்னு அவ வலிக்கா. கரையில என் மக சிரிக்கா. "யப்பா, ஆயுசு பூரா கடலுக்குப் போன ஆளு… இன்னைக்குச் சரக்காப் போறியளே!"

எண்ணெய் எதுக்கு? சொல்லுறேன். பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் குடா. அங்க ஒரு குருசடி, சின்னதா ஒரு மாதா கோயில். மாதா சுரூபத்துக்கு முன்னால விளக்கு. கர்மேனாவோட அம்மா காலத்துல இருந்து அந்த வீட்டு ஆளுகதான் எண்ணெய் ஊத்துறது. புதுசா ஒரு ஹோட்டல் வந்துச்சு. நடந்து போற பாதையில கேட்டைப் போட்டுப் பூட்டினான். அந்தம்மா பலகை வாங்கிக் கடல் வழியா வந்தா. கடல்லயும் மிதவை கட்டினான். ஏன்? விளக்கு ஒரு நாள் அணையணும். அணைஞ்சுட்டா… "இங்க யாருமே வாறதில்லை, சும்மா கெடக்குற இடம்"னு சுருட்டிக்கிடலாம். எங்கயோ கேட்ட மாதிரி இல்லை?

மிதவைகிட்ட வந்துட்டோம். அது மேல என்னமோ எழுதியிருக்கு. எனக்கு எந்த ஊரு எழுத்தும் ஒண்ணுதான். ஒரு ரப்பர் போட்டு வந்து குறுக்க நின்னுச்சு. ஹோட்டல் தொப்பி போட்ட ஒரு பய. அந்தம்மாவை இங்கிலீசுல அதட்டுதான். என்னைப் பாத்தான்… இடுப்புல கட்டியிருந்த சாரத்தைப் பாத்தான்…

"தமிழா பாட்டா?"

"ஆமாலே. நீ எந்தூரு?"

"குளச்சல்."

பாத்தியளா! மால்டா கடலுக்குக் காவல் யாரு? குளச்சக்காரன்!

"பாட்டா, திரும்பிப் போயிருங்க. கயித்தைத் தாண்டுறவங்களை போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பணும். கேசு போட்டுருவாங்க. எடுக்கலைன்னா என் வேலை போயிரும். இந்தம்மா சொன்னா கேக்கவே மாட்டேங்குது." கொஞ்சம் யோசிச்சான். "ஒண்ணு செய்யுங்க. ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிடுங்க. முதுகை எடுத்துக்கிடுதேன். யாருன்னு தெரியாது."

நல்ல பயதான். அதையே இங்கிலீசுல அவகிட்டயும் சொன்னான்.

அவ என்ன செஞ்சா? துடுப்பைக் கீழ வச்சா. தலையில கட்டியிருந்த துணியை அவுத்தா. முடியைக் கோதிவிட்டா. என் மடியில இருந்த பாட்டிலை வாங்கி, கல்யாண வீட்டுல தாம்பாளம் பிடிக்கிற மாதிரி நெஞ்சுக்கு நேரப் பிடிச்சுக்கிட்டு நின்னா. என்னமோ சொன்னா. பய முழிக்கான்.

"என்னலே சொல்லுதா?"

"நல்லா எடுன்னு சொல்லுதா பாட்டா. முகம் தெரியணுமாம். பின்னால குருசடியும் விளக்கும் விழணுமாம். நான் போட்டைச் சுத்தி அந்தப் பக்கம் வந்து எடுக்கணுமாம்!"

"கேசுன்னு சொன்னியா?"

"சொன்னேன். போடட்டுங்கா. போட்டா அந்தப் போட்டோவை எல்லாம் அவங்களேதான் கோர்ட்டுல காட்டணும். இந்தக் கெழவி நாள் தவறாம எண்ணெய் ஊத்த வந்தான்னு அவங்க கையாலயே காட்டட்டுங்கா." பய அவளை ஒரு தடவை திரும்பிப் பாத்தான். "முதுகைக் காட்டினா நான் திருட வந்தவ ஆயிருவேன்… முடியாதுங்கா."

போட்டைச் சுத்திக் கொண்டாந்தான். போனைத் தூக்கினான். நானும் சாரத்தை இறக்கிவிட்டு நிமிந்து உக்காந்தேன். நாமளும் படத்துல விழுதோம்லா? "ஏலே, கண்ணை மூடிட்டனான்னு பாத்துக்கோ"ன்னேன்.

இப்ப மறிச்சு நின்ன போட்டு எங்களுக்குப் பின்னால. முன்னால வெறும் கயிறு. அவ துடுப்பால அதை ஒரு அமுக்கு அமுக்கினா. பலகை கயித்து மேல ஏறி, வழுகி, அந்தப் பக்கம் போயிருச்சு. தலை குனியவே வேண்டியதில்லை. குருசடியில திரி கருகத் தொடங்கியிருந்துச்சு. எண்ணெய் ஊத்தினா… நிமிந்து எரிஞ்சுச்சு.

இன்னைக்கும் அந்தக் கயிறு அங்கதான் கெடக்காம். கேசும் வந்துட்டாம். என் மக போன்ல சொன்னா. விளக்கு? எரியுதாம். அதையும் அவதான் சொன்னா.

ஏன் இதைச் சொல்லுறேன்? நம்ம மூஞ்சியை மூடினது யாரு? கம்பெனிக்காரனா? நாமதான்யா! கரை நம்மளுது, கடல் நம்மளுது, மூஞ்சி மட்டும் ஏன் ஒளியணும்? அவன்கிட்ட இருக்குற போட்டோவுல என்ன தெரியும்? துண்டு தெரியும். நாளைக்கு அதைக் காட்டி, "எவனோ களவாணிப் பயலுக வந்தாங்க, ஊர்க்காரன் ஒருத்தனும் வரலை"ம்பான். சொல்ல விடுவமா? விடுவமா?

விடிஞ்சதும் போறோம். துண்டை வீட்டுல வச்சிருங்க. கோயில் திருவிழாவுக்குப் போடுற சட்டையைப் போடுங்க. பனிமயம், நீ சவரம் பண்ணிட்டு வா. மொத வள்ளத்துல நான் இருப்பேன். அவன் போனைத் தூக்குறானா… வள்ளத்தை நிறுத்தி, நிமிந்து நின்னு, சத்தமாச் சொல்லுங்க:

"நல்லா எடு தம்பி… எங்க கரையும் சேந்து விழட்டும்!"