நர்ஸம்மாவுக்கு அட்வெர்ப்

— இதுவும் தப்பு. எப்படி நடந்தார்னு கேட்டா, ‘ஸ்லோலி’ன்னு ஒரே வார்த்தை. நீ என்ன எழுதியிருக்கே?

— ‘பத்தடி நடக்க இருபது செகண்ட் எடுத்தார்.’ அதானே உண்மை?

— நர்ஸம்மா, இது வார்டு ரிப்போர்ட் இல்ல, இங்கிலீஷ் பரீட்சை. நாளைக்கும் இப்படி எழுதினா ஹெட் நர்ஸ் வேலை கைநழுவிப் போயிடும்.

— ‘தண்ணி நிறைய குடிச்சார்’னு எழுதினா டாக்டர் திட்டுவார் வாத்தியாரே. ‘நானூறு மில்லி’ன்னு எழுதணும். பதினாறு வருஷம் கை பழகிப்போச்சு.

— அச்சாபீஸ்ல ப்ரூஃப் பாக்குறவனை வாத்தியாராக்கிட்டே. சரி, கேளு. ஒரு காரியம் எப்படி நடந்தது, எப்போ, எத்தனை தரம்னு சொல்றதுதான் அட்வெர்ப். ‘ஸ்லோலி’ பெரும்பாலும் கடைசியில வந்து நிக்கும். ‘ஆஃபன்’ வினைச்சொல்லுக்கு முன்னாடி போய் ஒட்டிக்கும். எங்கே, என்னை வச்சே ஒண்ணு சொல்லு.

— மை ஹஸ்பண்ட் ஸ்நோர்ஸ் லவுட்லி.

— நான் சத்தமா குறட்டை விடுறேனா? பொய்யா இருந்தாலும் இலக்கணம் சுத்தம். இப்போ ‘ஆஃபன்’ போட்டு.

— ஹீ ஆஃபன் ஸ்டாப்ஸ் ஆன் தி ஸ்டேர்ஸ்.

— மாடிப்படியில அடிக்கடி நிக்கிறேனா? யாரு சொன்னா?

— மூணு மாடி. போன மாசம் ஒரு தரம் நின்னீங்க. இன்னிக்குப் பால் வாங்கிட்டு வரப்போ நாலு தரம்.

— கீழ்வீட்டுக்காரரோட பேசிட்டு நின்னேன்.

— அவங்க வீடு பூட்டி ஒரு வாரமாச்சு. ஒரு தலையணை போதும்னு இருந்த மனுஷன் இப்போ மூணு அடுக்கி வச்சுத் தூங்குறீங்க.

— மூச்சு வாங்குறதைப் பரீட்சை முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்டி. எட்டு வருஷமா நீ காத்துக்கிட்டிருக்கிற வேலை. என்னால கெட வேண்டாம்னு பாத்தேன்.

— நல்லா பாத்தீங்க போங்க.

— கோவிச்சுக்காதே. நாளைக்கு எழுதிட்டு வா. மறுநாளே டாக்டர்கிட்ட வரேன். சத்தியமா.

— நாளைக்கு நான் பரீட்சை எழுதலைங்க. அடுத்த தரம் எழுதிக்கிறேன்னு நேத்தே லெட்டர் குடுத்துட்டேன். காலைல ஒன்பது மணிக்கு இதய டாக்டர்கிட்ட உங்க பேரைப் பதிஞ்சாச்சு.

— நேத்தேவா? அப்போ இவ்வளவு நேரம் எதுக்குடி இந்தப் பாடம்?

— டாக்டர் கேப்பார். நான் எழுதினதை நீங்க தலைகுனிஞ்சு வாசிக்கிறப்பதான், உங்களுக்குத் தெரியாம உங்க மூச்சை எண்ண முடிஞ்சுது.