உப்புத் தொட்டி

— அந்த ஸ்பானரைக் கீழ வைங்க டாக்டரம்மா. ஒரு போல்ட்டைக்கூட நான் கழட்ட விடமாட்டேன்.

— வெள்ளிக்கிழமைக்குள்ள லேபைக் காலி பண்ணணும்ணே. நான் கழட்டினா நாள் பூரா ஆகும். உங்க ஃபிட்டர் கைக்கு ஒரு மணி நேரம்.

— பதினோரு வருஷமா இதோட மாரடிச்சிருக்கோம். பகல் வெயில்ல உப்பை உருக்கி வெச்சா, அந்தச் சூட்டுல ராத்திரி கரண்ட் எடுக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க? நான் கேக்கறேன், இப்ப அந்த உப்பு இனிச்சுப் போச்சா?

— இனிமே நிதி கிடையாதுன்னு கமிட்டி சொல்லிடுச்சு.

— கமிட்டி. நாற்காலி தேய்க்கிற அஞ்சு பேர். ஒருத்தராவது வந்து இந்தத் தொட்டியில கை வெச்சுப் பாத்தாங்களா?

— வெச்சிருந்தா வெந்திருக்கும்.

— சிரிப்பு வேற. பாய்லர் கம்பெனி வேலையை உதறிட்டு வந்தீங்க. மூணு தடவை கான்ட்ராக்ட். உங்ககிட்ட படிச்சதுங்க எல்லாம் எங்கெங்கயோ போய் உக்காந்தாச்சு. இந்த வருஷம் உங்களுக்கு நிரந்தரம்னு இயக்குநரே சொன்னாரே?

— சொன்னார். தொட்டி நல்லா ஓடுச்சுன்னா நிரந்தரம். நாப்பத்தி நாலு வயசுல இனி எந்த வாசல்லண்ணே போய் நிக்கறது?

— வீட்ல என்ன சொல்றாரு?

— மூணு நாளா எங்கிட்ட பேசறதில்ல.

— இது நல்லா இருக்கே. கமிட்டி பண்ணின வேலைக்கு நீங்க என்ன செய்வீங்க? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைச்சுட்டானுங்க... ஏம்மா, உள்ளதைச் சொல்லுங்க. என் வெல்டிங்ல கோளாறுன்னு எழுதிட்டாங்களா?

— ஐயோ, இல்லண்ணே. உங்க வெல்டிங் ஒரு இடத்துலயும் விட்டுக் குடுக்கல. உப்புதான். முதல் நூறு தடவை நல்லாத்தான் இருந்துச்சு. முந்நூறு தடவை உருகி உறைஞ்சதும் பிரிஞ்சு அடியில படிஞ்சிடுது. சூடு பாதிகூட நிக்கல.

— அப்படீன்னு யார் சொன்னா?

— அறிக்கைல இருக்கு. கமிட்டி அதைப் படிச்சுட்டுதான் முடிவு பண்ணிச்சு.

— எழுதினவன் பேரைச் சொல்லுங்க. மாடிப்படியில மறிச்சு நிறுத்திக் கேக்கறேன். ஒரு பொம்பளை பதினோரு வருஷம் பட்ட பாட்டை ஒரு காகிதத்துல முடிச்சுட்டியேடான்னு கேக்கறேன்.

— கேளுங்கண்ணே, இங்கயே கேளுங்க. முதல் நூறு தடவையோட நிறுத்தி எழுதிக்கம்மா, வேலை உனக்குத்தான்னார் இயக்குநர். நான்தான் முந்நூறையும் எழுதிக் குடுத்தேன்.