ஒற்றைக்கால் தாண்டல்

மட்டாஞ்சேரி படகுத்துறை வரிசையில் எனக்கு முன்னால் கல்லூரிக் கபடி உடையில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் இடது முழங்காலில் பட்டை.

"நல்ல கால வச்சு பிசியோ சாரை ஏமாத்தப் பாத்தேன்டீ," என்றாள் பட்டைக்காரி.

"எப்படி?"

"ஒத்தைக்கால்ல தாண்டணும். ரெண்டு காலும் ஏறக்குறைய ஒரே தூரம் போனாத்தான் சனிக்கிழமை ஆட விடுவாங்க. நல்ல காலுக்குத்தான் முதல்ல. வேணும்னே கொறச்சுத் தாண்டினேன்."

"மிடுக்கி! கெட்டிக்காரிதான்டீ நீ. அப்போ ஆடலாமா?"

"எங்க? அடிபட்ட காலு அதைவிடக் கூடுதல் தாண்டிருச்சு, கேட்டியா! கள்ளத்தனம் புரிஞ்சு சார் சிரிச்சுட்டாரு. 'நாளைக்கு வர்றப்போ ரெண்டு காலையும் கொண்டு வா மோளே'ன்னாரு."

படகு வந்தது. துறைக்கும் படகுக்கும் நடுவிலிருந்த இடைவெளியைப் பட்டைக்காரி இடது காலை ஊன்றியே தாண்டி ஏறினாள். மருத்துவச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் என் முப்பது வருட உத்தியோகத்தில் இவ்வளவு சுத்தமான உடற்தகுதிச் சான்றிதழை நான் பார்த்ததில்லை.