ஒரு மணி முந்திய பம்பு

உங்கள் சுவர்க் கடிகாரம் நாலு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது, ஆய்வாளர் ஐயா. குறையாகச் சொல்லவில்லை, பழக்கதோஷம். சஃபி நகருக்குத் தெற்கே அந்த உரத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக எனக்கு அதுதான் வேலை. கேட், கேமரா, பம்பு என்று அறுநூறு கருவிகள். ஒன்றின் கடிகாரம் ஒரு நொடி பிசகினாலும் என் திரையில் சிவப்பு எரியும்.

ரமலானில் மட்டும் கூடுதலாக ஒரு வேலை. நோன்புக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைக்கிறது அல்லவா, அதைப் பழைய கருவிகளுக்கு நான்தான் சொல்ல வேண்டும். சொல்லாத கருவி ஒரு மணி நேரம் முந்தியே ஓடும். திரைக்கு அது தெரியாது. நிமிடமும் நொடியும் சரியாக இருப்பதால் பச்சையாகவே காட்டும். எதற்குச் சொன்னேன், எதற்குச் சொல்லவில்லை என்பது என் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

போன ரமலானில் பின்வாசல் கேட்டுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பிற்பகல் மூன்றே காலுக்கு அந்த கேட் வழியாக ஒரு லாரி செம்புக் கம்பி களவாக வெளியே போயிற்று. கேட்டின் பதிவில் நாலே கால் என்று விழுந்தது. மூன்றே காலுக்குக் காவலில் இருந்தவன் மேலாளர் தாஹரின் மச்சான். நாலு மணிக்குக் காவலுக்கு வந்தவன் என் தம்பி ஜவாத்.

தாஹரிடம் ஓடினேன். "ஐயா, அந்த கேட் மணி தப்பு. ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுது. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா தம்பி தப்பிச்சுருவான்."

அவர் சிரித்தார். "ஏம்ப்பா மிலூத், உன் திரைதான் பச்சப்பசேல்னு இருக்கே. மெஷின் பொய் சொல்லுதா, நீ சொல்லுறியா? போய் வேலையைப் பாரு."

ஜவாத்துக்கு நாலு வருடம் போட்டார்கள். ஏழாவது மாதம் சிறையிலேயே செத்துப்போனான். காய்ச்சல் என்றார்கள். அதன்பிறகு தாஹர் சிரிப்பதைக் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவேன்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வியாழக்கிழமைதோறும் மூன்றரைக்குக் காலியான அமிலத் தொட்டிக்குள் இறங்கிச் சோதிப்பார். இறங்குமுன் அதில் அமிலம் நிரப்பும் பம்பின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்ட வேண்டும் என்பது விதி. நோன்பு நாளில் அவர் பூட்டமாட்டார். "அஞ்சு மணிக்குத்தானேப்பா பம்பு ஓடும்? அதுக்குள்ள நான் வீட்டுல ஹரீரா சூப்பு முன்னாடி உக்காந்திருப்பேன்" என்பார்.

இந்த ரமலானில் அந்தப் பம்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். நான் எதையும் கெடுக்கவில்லை, கவனியுங்கள். ஒன்றைச் செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான்.

அன்று தாஹருக்கு டார்ச் பிடிக்கத் தொழிலாளி புஷைப்பும் இறங்கினான். ஜவாத்தின் உடலைச் சுமந்த சந்தூக்குக்கு என்னோடு தோள் கொடுத்தவன். கேமராவில் பார்த்தேன். மணி மூன்று ஐம்பது. தொலைபேசி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் புஷைப்பைக் கூப்பிட்டால் தாஹரும் அல்லவா மேலே வந்துவிடுவார். நாலு மணிக்குப் பம்பு ஓடியது. அதன் கணக்கில் அது ஐந்து. திரை முழுக்கப் பச்சை. புஷைப்பின் மனைவிக்கு நானே போய்த் துக்கம் சொன்னேன்.

போன வருடப் பட்டியலை நீதிபதியிடம் நானே காட்டியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். காட்டியிருந்தால் தம்பி அன்றே வீட்டுக்கு வந்திருப்பான், உண்மைதான். ஆனால் கேட்டை ஏன் விட்டாய் என்று என்னைக் கேட்டிருப்பார்கள். மறந்துவிட்டேன் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? பன்னிரண்டு வருடத்தில் என் பெயரில் ஒரு பிழைகூடக் கிடையாது, ஐயா.

ஜவாத்தைக் கொன்றது தாஹர். அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.